கிழங்குக் கிடங்கின் காத்து அண்ணன்

உருளைக்கிழங்குக் கிடங்கில் அவரை யாரும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷமே 'காத்து' என்று பெயர் வைத்துவிட்டார்கள். காலையில் உள்ளே நுழைந்ததும் அவர் வாயிலிருந்து விழும் முதல் வார்த்தை அதுதான். "காத்து வருதா? மேல் ஷட்டர் தொறந்திருக்கா? ஃபேன் ஓடுதா?" மூட்டை இறக்குகிறவர்கள் அவரைத் தூரத்தில் பார்த்ததுமே, "காத்து அடிக்குதுடா, எழுந்திரிங்க" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்து, கடைசியில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இருபத்தாறு வருஷத்தில் அதன் பின்னால் 'அண்ணன்' என்று ஒரு மரியாதை ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

கிடங்கில் ஐந்து பெரிய அறைகள். சுவர்கள் ஒவ்வொன்றும் ஒரு முழம் கனம். ஜன்னல் கிடையாது. தரையிலிருந்து கூரைவரை கிழங்கு நிரப்பிய மரப்பெட்டிகள். தரைக்கு அடியில் காற்றுப் போக ஒரு வாய்க்கால், கூரைக்குக் கீழே ஷட்டர் போட்ட திறப்புகள், ஓரத்தில் ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு ஃபேன். பெட்டிகளுக்கு நடுவே நீளமான கம்பி வெப்பமானிகள் குத்தி வைத்திருக்கும். காத்து அண்ணன் ஒரு நாளைக்கு மூன்று தடவை அவற்றைப் பார்த்து நோட்டில் குறிப்பார். அது போதாதென்று சட்டைக் கையை மடித்துவிட்டு, தோள்வரை கையைக் குவியலுக்குள் விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். புதிதாக வந்த லாரி டிரைவர்கள் இவர் ஏதோ சாமி வந்து நிற்கிறார் என்று நினைத்துப் பின்வாங்கியதும் உண்டு.

இந்தக் கிறுக்கு அவருக்குப் பிடித்தது ஒரே நாளில். கிடங்குக்காரர்களுக்கென்று ஒருமுறை ஒரு நாள் வகுப்பு நடந்தது. போனால் மத்தியானச் சாப்பாடு உண்டு என்பதால் போனார். தடித்த கண்ணாடி போட்ட ஓர் அம்மா இரண்டு கண்ணாடி ஜாடிகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்றில் பச்சைக் கிழங்கு, இன்னொன்றில் வேகவைத்து ஆறிய கிழங்கு. இரண்டிலும் ஒரு சின்னக் கிண்ணத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீர். மூடியை இறுக்கிவிட்டு அந்த அம்மா வேறு கதை பேசப் போய்விட்டார். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், பச்சைக் கிழங்கு இருந்த ஜாடியில் மட்டும் சுண்ணாம்பு நீர் பால் மாதிரி வெளுத்திருந்தது.

"வேகவச்ச கிழங்கு செத்துப்போச்சு. இது இன்னும் உயிரோட இருக்கு. அது விட்ட மூச்சுதான் இந்தத் தண்ணிய வெளுக்க வச்சிருக்கு" என்றார் அந்த அம்மா.

காத்து அண்ணன் கையைத் தூக்கினார். "அதுக்கு மூக்கே இல்லீங்களே?"

வகுப்பே சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. "மூக்கு வெறும் வாசல்தாங்க. மூச்சோட வேலை நடக்கறது உள்ளே. உங்க உடம்புலயும் சரி, கிழங்குலயும் சரி, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான செல் இருக்கு. ஒவ்வொரு செல்லும் சர்க்கரையையும் ஆக்சிஜனையும் சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமா எரிக்குது. தீ கிடையாது, புகை கிடையாது. படிப்படியா, பக்குவமா நடக்கும். அதுல கிடைக்கற சக்திலதான் கிழங்கு தன்னோட காயத்தை ஆத்திக்குது, முளை விடுது. மிச்சம் சூடா வெளிய போகுது. கூடவே தண்ணியும் கார்பன் டை ஆக்சைடும்."

"அப்ப காத்து இல்லாம மூடி வச்சா?"

"கொஞ்ச நேரம் அரைகுறையா சமாளிக்கும். ஆக்சிஜன் இல்லாம சர்க்கரைய உடைச்சா கிடைக்கற சக்தி ரொம்பக் கம்மி. அதை வச்சு எத்தனை நாள் ஓட்டும்? உள்ளுக்குள்ள கறுத்துடும். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது."

அன்று வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தவர் சாப்பிடவே இல்லை. மனைவியிடம் ஒரு வரி விடாமல் ஒப்பித்தார். அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கன்னத்தில் கைவைத்துக் கேட்டுவிட்டு, "அப்ப இத்தனை நாளா உயிரோட இருக்கறதையா நான் தோலுரிச்சுக்கிட்டு இருந்தேன்? நல்லா இருக்குங்க நீங்க கொண்டுவர்ற சேதி. இனிமே கத்தி நீங்க புடிங்க" என்றாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் கிழங்கு நறுக்குவது அவர் வேலை.

அவள் தையல்காரி. தெருவுக்கே டெய்லரக்கா. மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. முன் அறையில் ஜன்னலை ஒட்டித் தையல் மிஷின், சுவரோரம் பள்ளிக்கூடச் சீருடைத் துணி மலை மாதிரி. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில்தான் இருவருக்கும் ஓயாத வழக்கு. அவர் திறப்பார், வெட்டி வைத்த காலர்கள் எல்லாம் பறக்கும். அவள் மூடுவாள், அவர் மூச்சுமுட்டுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். "உங்களைக் கட்டினதுக்குப் பதிலா ஒரு காத்தாடியைக் கட்டியிருக்கலாம். அதுக்காவது நிறுத்தறதுக்கு ஒரு சுவிட்ச் இருக்கும்" என்பாள். ஒரே மகளும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்ட பிறகு, இந்தச் சண்டைதான் வீட்டுக்குக் கலகலப்பு.

இந்தக் குளிர்காலத்தில்தான் அந்தக் கலகலப்பு குறைந்தது. அவர் ஜன்னலைத் திறந்தால் அவள் ஒன்றும் சொல்வதில்லை. துணி பறந்தால் எழுந்து பொறுக்குவதும் இல்லை. வயதாகிவிட்டது, பக்குவம் வந்துவிட்டது என்று அவர் தன் பாட்டுக்குச் சந்தோஷப்பட்டுக்கொண்டார்.

சேதி கீழ் வீட்டுப் பெண்மணியிடமிருந்து வந்தது. ஒரு சாயங்காலம் அவரை மடக்கி, "ஏங்க, டெய்லரக்காவுக்கு என்ன உடம்புக்கு? ஒவ்வொரு மாடித் திருப்பத்துலயும் உக்காந்து உக்காந்து ஏறுறாங்களே" என்று கேட்டாள்.

அவர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். அவள் மிஷின் முன்னால்தான் இருந்தாள். ஆனால் மிஷின் ஓடவில்லை. தலையை அதன் மேல் சாய்த்திருந்தாள். விளக்கைப் போட்டுப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். உதடு, நகம், கண்ணின் உள்ளிமை எல்லாம் வெளிறி, துவைத்துத் துவைத்துச் சாயம் போன துணி மாதிரி இருந்தது. எத்தனை நாளாக இப்படி?

"என்ன பண்ணுது உனக்கு?"

"ஒண்ணும் பண்ணலைங்க. அசதி. பெடலை மிதிச்சா கால் ரெண்டும் கல்லா கனக்குது. நல்லாத்தான் சாப்பிடறேன். சாப்பிட்டது எங்க போகுதுன்னுதான் தெரியல."

மறுநாள் காலை அவள் என்ன சொல்லியும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் ஒரு பெண். சின்ன வயது, சின்ன உருவம், பேச்சில் மட்டும் பெரிய மனுஷி. ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "ஹீமோகுளோபின் பன்னிரண்டாவது இருக்கணும். உங்களுக்கு ஆறு. இதை வச்சுக்கிட்டு மூணு மாடி எப்படிம்மா ஏறுனீங்க?"

"உக்காந்து உக்காந்துதான்" என்றாள் அவள், ஏதோ சாமர்த்தியத்தைச் சொல்வது போல.

காத்து அண்ணன் அவசரமாகக் குறுக்கிட்டார். "நல்லா சாப்பிடறா, நல்லா மூச்சு விடறா டாக்டர். வீட்ல எப்பவும் ஜன்னல் தொறந்துதான் இருக்கும். நான் மூட விடவே மாட்டேன்."

"காத்து நுரையீரல் வரைக்கும் வருதுங்க. அங்கிருந்து ஒவ்வொரு செல்லுக்கும் யார் கொண்டுபோறது? ரத்தம்தான் சுமக்கணும். ஆக்சிஜனைச் சுமக்கற ஹீமோகுளோபின் இவங்க ரத்தத்துல பாதிதான் இருக்கு. சாப்பாடு போய்ச் சேருது, ஆனா அதை முழுசா எரிக்க ஆக்சிஜன் பத்தல. அப்புறம் கால் கனக்காம என்ன பண்ணும்?"

அவருக்கு அந்த இரண்டு ஜாடிகள் நினைவுக்கு வந்தன. இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் கேட்ட பாடம். யாருக்கும் புரியாவிட்டாலும் தனக்குப் புரிந்திருக்க வேண்டிய பாடம். "புரியுது டாக்டர்" என்று முனகினார். "வெளிய காத்து இருந்து என்ன, குவியலுக்கு நடுவுல போகலைன்னா?"

டாக்டருக்கு அது விளங்கவில்லை. மனைவிக்கு விளங்கிவிட்டது. அந்த நிலையிலும் சிரித்துவிட்டாள். "டாக்டர், அவர் கிடங்குக் கிழங்கைச் சொல்றார். நீங்க கண்டுக்காதீங்க."

துருவித் துருவிக் கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. ஒன்றரை வருஷமாக மாதாமாதம் அளவுக்கு மீறிய ரத்தப்போக்கு. நிற்கிற வயதில் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே முடிவு செய்துகொண்டு, மகளிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறாள். ஸ்கேன் எடுத்ததில் கருப்பையில் ஒரு கட்டி. கெட்ட கட்டி இல்லை, எடுத்துவிட்டால் போதும். ஆனால் இந்த ரத்தத்தோடு கத்தி வைக்க முடியாது. முதலில் ரத்தம் ஏற்ற வேண்டும், பிறகு இரும்புச்சத்து, அதன் பிறகு ஆபரேஷன். நான்கு நாள் ஆஸ்பத்திரியிலேயே இருக்கச் சொன்னார்கள்.

சொட்டுச் சொட்டாக இறங்கும் ரத்தத்தைப் பார்த்தபடி கட்டிலின் அருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார் அவர்.

"கிழங்குக்கு ஒரு நாளைக்கு மூணு தரம் சூடு பாக்கறேன். நோட்டு போட்டு எழுதறேன். பக்கத்துல இருக்கற உன்னைப் பாக்கலியே நான்" என்றார்.

"என்னைப் பாக்க நான் என்ன உருளைக்கிழங்கா?" என்றாள் அவள். "நான்தான் வாயைத் தொறந்து சொல்லியிருக்கணும். கிழங்குக்கு வாய் கிடையாது, அதனால நீங்க பாக்கறீங்க. எனக்கு இருந்தும் மூடிக்கிட்டு இருந்தேன். போதும், மூஞ்சியைத் துடைங்க. பக்கத்துக் கட்டில்ல பாக்கறாங்க."

அவர் துடைத்துக்கொண்டார். வேலைக்குச் சேர்ந்த பிறகு தொடர்ந்து நான்கு நாள் அவர் கிடங்குக்குப் போகாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

ஐந்தாம் நாள் காலை மனைவியை வீட்டில் படுக்க வைத்து, கீழ் வீட்டுப் பெண்மணியைத் துணைக்கு உட்கார்த்திவிட்டு, நேரே கிடங்குக்குப் போனார். வாசலிலேயே ஏதோ சரியில்லை என்று பட்டது. மூன்றாம் அறையின் ஃபேன் சத்தம் இல்லை. அண்ணாந்து பார்த்தால் மேல் ஷட்டர்களுக்கு பிளாஸ்டிக் தாள் போட்டு, ஓரம் முழுக்க டேப் ஒட்டியிருந்தது.

புது மேனேஜரின் வேலை. வந்து இரண்டு மாதம் ஆகிறது. நல்ல மனுஷர், அவசரக்காரர். நான்கு நாளாக வெளியே கடுங்குளிர். கிழங்கு உறைந்துவிடுமோ என்ற பயத்தில், காத்து அண்ணன் இல்லாத நேரத்தில், மூன்றாம் அறையை இண்டு இடுக்கு விடாமல் அடைக்கச் சொல்லியிருக்கிறார். அன்று அதிலிருந்து சரக்கு ஏற்ற வேண்டும். கதவை இப்போதுதான் ஒருக்களித்துத் திறந்திருந்தார்கள். முதலில் தலையை நீட்டிய சுமையாள் ஒருவர் வெளியே வந்து, தலையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் குந்தியிருந்தார். சுமையாட்களின் மேஸ்திரி கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போகக் கிளம்பியிருந்தான். மேஸ்திரி வேறு யாருமில்லை, காத்து அண்ணனின் மைத்துனன், மனைவியின் ஒரே தம்பி.

"நில்லு!" என்று அவர் போட்ட சத்தத்தில் லாரிக்குள் இருந்த டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன மாமா, பயமுறுத்துறீங்க? அக்கா எப்படி இருக்கா?"

"அக்கா இருக்கட்டும். நீ ஒரு அடி எடுத்து வைக்காதே."

"அவன் காலைல சாப்பிடாம வந்திருக்கான் மாமா, அதான் தலை சுத்துது. அஞ்சு நிமிஷத்துல ஆறு பெட்டிய இழுத்துட்டு வந்துடறேன்."

காத்து அண்ணன் அவன் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்து உட்கார வைத்தார். அலுவலக அறையிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியைக் கொண்டுவந்தார். வெப்பமானிக் கம்பி ஒன்றின் நுனியில் அதைக் கட்டிக் கொளுத்தி, வாசலுக்கு வெளியே நின்றபடியே மெதுவாக உள்ளே நீட்டினார். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுடர் நிலைவாசலைத் தாண்டும்போது சுருங்கியது. ஒரு முழம் உள்ளே போனதும், யாரோ விரலால் நசுக்கியது போல அணைந்துவிட்டது.

இன்னொரு முறை கொளுத்தினார். இன்னொரு முறை அணைந்தது.

மேனேஜர் ஓடிவந்தார். "என்ன ஆச்சு?"

"மூணு லட்சம் கிலோ சார். நாலு நாளா மூச்சு விட்டுக்கிட்டே இருக்கு. உள்ள இருந்த ஆக்சிஜனை எல்லாம் அது எடுத்துக்கிச்சு. இப்ப அந்த அறையில இருக்கறது அது விட்ட மூச்சுதான். மேஸ்திரி உள்ள போயிருந்தா மூணாவது பெட்டிகிட்ட விழுந்திருப்பான். இவனைத் தூக்கப் போற ஆளும் அங்கேயே விழுந்திருப்பான்."

மைத்துனன் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. கையுறையை மட்டும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

குந்தியிருந்த சுமையாளை வெளிக்காற்றில் படுக்க வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் தெளிந்து தண்ணீர் கேட்டார். வெளிப்பக்கமாக ஏணி போட்டு பிளாஸ்டிக் தாளைக் கிழித்தார்கள், ஷட்டர்களைத் திறந்தார்கள், ஃபேனை ஓட விட்டார்கள். மத்தியானம் வரை ஒருவரையும் கிட்டே விடாமல் காத்து அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அரை மணிக்கு ஒரு தரம் மெழுகுவர்த்தி உள்ளே போய் வந்தது. அது ஆடாமல் எரிந்த பிறகும் இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்துத்தான் ஆளை அனுப்பினார். முதலில் போனதும் அவர்தான், இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு.

நடுப்பெட்டிகளிலிருந்து எடுத்த கிழங்கை மேனேஜர் முன்னாலேயே வெட்டிக் காட்டினார். தோல் பழுதில்லாமல் பளபளவென்று இருந்தது. நடுவில் மை கொட்டின மாதிரி கறுப்பு. அந்த அறையில் ஏறக்குறைய கால்வாசி அப்படிப் போயிருந்தது.

"எனக்குத் தெரியாதுங்க. கிழங்குன்னா வெறும் சரக்குன்னுதான் நினைச்சேன்" என்றார் மேனேஜர்.

"யாருக்கும் பொறந்தப்பவே தெரியாது சார். நானும் ஓசிச் சாப்பாட்டுக்குப் போன இடத்துலதான் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார் காத்து அண்ணன். அதற்கு மேல் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேனேஜர்தான் அன்றே முதலாளிக்கு எல்லாவற்றையும், தன் தவறையும் சேர்த்து, எழுதி அனுப்பினார். அடுத்த வாரமே ஆக்சிஜன் அளக்கும் கையடக்கக் கருவி ஒன்று வந்து சேர்ந்தது. அளவு சரியாக இல்லாவிட்டால் காது கிழியக் கத்தும்.

வீட்டில் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் மைத்துனன் அன்று சாயங்காலமே ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு அக்காவைப் பார்க்க வந்து, பையைக் கீழே வைப்பதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். கொட்டிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதான். அவள் கட்டிலில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பியின் தலையைத் தடவினாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

"காலர் கிழிஞ்சிருக்குடா உனக்கு. மாமா புடிச்சு இழுத்ததா?" என்று தம்பியிடம் கேட்டாள். "கழட்டி வச்சுட்டுப் போ. தெம்பு வந்ததும் முதல்ல அதைத்தான் தைப்பேன்."

தெம்பு உடனே வந்துவிடவில்லை. இரும்பு மாத்திரை வயிற்றைப் புரட்டியது. கீரை, ஈரல், பேரீச்சம்பழம் என்று அவர் ஒரு பட்டியல் போட்டு, வேளாவேளைக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட வைத்தார். அவள் திட்டிக்கொண்டே சாப்பிட்டாள். ஒரு மாதத்தில் நகத்தில் கொஞ்சம் சிவப்பு ஏறியது. இரண்டாம் மாதம் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மகள் வந்து மூன்று வாரம் இருந்து, அம்மாவிடம் ஒரு பாட்டம், அப்பாவிடம் ஒரு பாட்டம் சண்டை போட்டுவிட்டுப் போனாள். தம்பியின் காலர் சொன்னபடியே முதலில் தைக்கப்பட்டது.

ஆறாம் மாதம் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் சீட்டைப் பார்த்து, "பன்னிரண்டரை! இனிமே மூணு மாடி என்ன, முப்பது மாடி ஏறலாம்" என்றார்.

காத்து அண்ணனுக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. "டாக்டர், செல் எல்லாம் எரிக்கும்போது சூடு வெளிய வரும் இல்லீங்களா? ஒரு ஆள் சும்மா உக்காந்திருந்தா எவ்வளவு சூடு வரும்?"

டாக்டர் சிரித்தார். "பழைய குண்டு பல்பு ஒண்ணு, நூறு வாட்னு வச்சுக்குங்க. ஏறக்குறைய அவ்வளவு."

"அடேயப்பா!" என்று அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார், ஏதோ புதையல் கிடைத்தது போல.

"பாக்காதீங்க அப்படி. என் மேல கம்பியைக் குத்திச் சூடு பாத்து நோட்டுல எழுதினீங்கன்னா அப்புறம் தெரியும் சேதி" என்றாள் டெய்லரக்கா.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருவருக்கும் சேர்ந்தாற்போல் இடம் கிடைத்தது. வெளியே தூறிக்கொண்டிருந்தது. துணிக்கடைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டு வந்தவள், அடுத்த வருஷச் சீருடைக்கு யாரிடம் துணி எடுப்பது, இன்னொரு மிஷின் போட்டால் முன் அறையில் இடம் போதுமா என்று திட்டம் போட ஆரம்பித்தாள். அவர் ஒவ்வொன்றுக்கும் 'உம்' கொட்டினார். கொஞ்ச தூரம் போனதும் 'உம்' நின்றுவிட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். மனுஷர் அவள் தோளில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். இறங்க இன்னும் நாலைந்து நிறுத்தம் இருந்தது. அவள் பேச்சை நிறுத்திவிட்டு, தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.